டிஎஸ்பி போர்டு ஆம்ப்ளிஃபையருக்குள்ள என்ன வேலை பார்க்குது, அதை எப்படி செட் பண்றது

அசெம்பிள் ஆம்ப் பண்றவங்க நாலு பேர் சேர்ந்தா இப்பல்லாம் டிஎஸ்பி பேச்சு வராம இருக்காது. டிஎஸ்பி போட்டா பேஸ் அள்ளும்னு ஒருத்தர், டிஎஸ்பி இருந்தாதான் 5.1 பிரியும்னு இன்னொருத்தர், போட்டுப் பார்த்தேன் சத்தம் குறைஞ்சதுதான் மிச்சம்னு மூணாவது ஆள். முதல் ரெண்டும் தப்பு. மூணாவது ஆள் பார்த்தது நிஜம்தான், ஆனா காரணம் அவர் நினைக்கறது இல்ல, அதைக் கீழ கணக்கோட சொல்றேன்.

இந்த போர்டு சத்தத்துல எதையும் புதுசா கொண்டு வந்து சேர்க்கறதில்லங்க. எந்த ஸ்பீக்கருக்கு எந்தப் பகுதி, எப்ப, எவ்வளவு போகணும்னு கணக்குப் போட்டு அனுப்பறதுதான் அதோட வேலை. இது புரிஞ்சிட்டா செட்டிங் எல்லாம் தானா புரியும், இது புரியலன்னா ஆயிரம் ரூபா போர்டா இருந்தாலும் பத்தாயிரம் ரூபா போர்டா இருந்தாலும் ரிசல்ட் ஒண்ணுதான்.

எந்த போர்டைப் பத்திப் பேசறோம்

டிஎஸ்பின்னா டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸர். வர ஆடியோ சிக்னலை எண்களா மாத்தி, அந்த எண்கள் மேல கணக்குப் போட்டு, திரும்ப சிக்னலா மாத்திக் குடுக்கற சிப். கடையில இந்தப் பேர்ல மூணு விதமான சரக்கு கிடைக்குது, அதனாலதான் இவ்வளவு குழப்பம். டிவியோட ஆப்டிகல் வயர்ல வர டால்பி, டிடிஎஸ் சிக்னலைப் பிரிச்சு ஆறு சேனலா (அதுதான் 5.1) குடுக்கறது ஒண்ணு, அது டீகோடர் போர்டு, உள்ள இருக்கற புரோகிராமை நம்மால மாத்த முடியாது. ரிமோட்ல ஹால், ஜாஸ், ராக்னு பட்டன் இருக்கறது இன்னொண்ணு, மைக்ல பாடறவங்களுக்கு எக்கோ குடுக்கறதும் இந்த ரகம்தான். மூணாவது, நாமளே புரோகிராம் எழுதி ஏத்தற போர்டு. இந்தக் கட்டுரை முழுக்க மூணாவது ரகத்தைப் பத்திதான்.

உதாரணத்துக்கு அனலாக் டிவைசஸ் கம்பெனியோட ஏடிஏயு1701 சிப் இருக்கற சின்ன போர்டை எடுத்துக்கறேன். ரெண்டு இன்புட், நாலு அவுட்புட். விலை கம்மி, ஆன்லைன்ல கிடைக்குது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல தேடினாலும் மாட்டும், புரோகிராம் பண்ற சிக்மாஸ்டுடியோ சாஃப்ட்வேரும் ஃப்ரீ. முக்கியமா அதுல கோடு எழுதத் தேவையில்ல, பெட்டி பெட்டியா இழுத்து வச்சு கோடு போட்டு இணைச்சா போதும், அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லன்னு நான் நினைக்கறேன்.

சத்தம் எப்படி எண்ணா மாறுது

நகைக்கடை வாசல்ல தினமும் தங்கம் ரேட் எழுதிப் போடுவாங்கல்ல, அதை நீங்க தினமும் ஒரு நோட்டுல குறிச்சு வைக்கறீங்கன்னு வைங்க. உங்க கையில இருக்கறது ஒரு நாளைக்கு ஒரே ஒரு எண்தான், ஆனா ஒரு வருஷ நோட்டைப் புரட்டினா ரேட் எப்ப ஏறிச்சு எப்ப இறங்கிச்சுன்னு ஒரு கோடே வரைஞ்சு காட்டிடலாம்.

போன்ல இருந்து வயர் வழியா வர பாட்டும் இப்படி ஏறி இறங்கற ஒரு வோல்டேஜ்தான், வேற ஒண்ணும் இல்ல. அந்த வோல்டேஜை நம்ம சிப் ஒரு செகண்டுக்கு 48,000 தடவை அளந்து குறிச்சுக்குது. அப்படி அளந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள், செகண்டுக்கு எத்தனை தடவைங்கறது சாம்பிளிங் ரேட். அளக்கற பகுதிக்குப் பேர் ஏடிசி, கணக்கு முடிஞ்சு எண்ணைத் திரும்ப வோல்டேஜா மாத்தற பகுதிக்குப் பேர் டிஏசி, இந்தச் சிப்ல ரெண்டுமே உள்ளயே இருக்கு.

செகண்டுக்கு 48,000 தடவை அளந்தா போதுமா, நடுவுல இருக்கறது தொலைஞ்சு போகாதான்னு நிறைய பேர் கேப்பாங்க, நியாயமான கேள்விதான். தங்கம் ரேட்டை மாசம் ஒரு தடவைதான் குறிச்சா, வாரா வாரம் நடந்த ஏற்ற இறக்கம் நோட்டுல தெரியாது. ஆனா நமக்கு வேண்டியது வருஷக்கணக்குல நடக்கற மாற்றம் மட்டும்தான்னா மாசம் ஒரு தடவையே தாராளம். ஆடியோலயும் அதே நியாயம். சாம்பிளிங் ரேட்ல பாதி வரைக்கும் இருக்கற அதிர்வுகளை முழுசா திரும்ப எடுத்துடலாம். ஹாரி நைக்விஸ்ட் 1928ல இதுக்கு அடித்தளம் போட்டாரு, கிளாட் ஷானன் 1949ல கணிதமா நிரூபிச்சு எழுதினாரு. 48,000ல பாதி 24,000 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு இத்தனை அதிர்வுன்னு அர்த்தம்), மனுஷக் காது நல்லா இருக்கற வயசுலயே கேக்கறது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். 1982ல வந்த சிடி கூட 44,100ல தான் ஓடுது. ஆக, எண்ணா மாத்தினாலே சத்தம் கெட்டுப்போகும்னு சொல்றது சரியில்ல. கெட்டுப்போச்சுன்னா பெரும்பாலும் லெவல் செட்டிங்லயோ பவர் சப்ளைலயோதான் காரணம் இருக்கும்.

கூட்டல் பெருக்கல்ல எப்படி ட்ரெபிள் காணாம போகுது

எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க.

அதே நோட்டை எடுங்க. கடைசி பத்து நாள் ரேட்டைக் கூட்டிப் பத்தால வகுத்து சராசரி எடுங்க, நாளைக்கும் அதே மாதிரி, நாளன்னைக்கும் அதே மாதிரி. இந்த சராசரியை மட்டும் தனியா கோடா வரைஞ்சா, தினமும் அம்பது நூறு ரூபா குதிச்சது எல்லாம் மறைஞ்சு, மெதுவா ஏறி இறங்கற போக்கு மட்டும் மிஞ்சும். வேகமான மாற்றம் போச்சு, மெதுவான மாற்றம் நின்னுச்சு. ஆடியோ பாஷையில வேகமான அதிர்வுதான் ட்ரெபிள், மெதுவான அதிர்வுதான் பேஸ். அப்ப சராசரி எடுக்கறதே ட்ரெபிளை வெட்டற வேலை! அப்புறம் இன்னைக்கு ரேட்ல இருந்து அந்த சராசரியைக் கழிச்சுப் பாருங்க, இப்ப தினசரி குதிப்பு மட்டும் தனியா கிடைக்கும், அது பேஸை வெட்டற வேலை.

இப்படி ஒரு பகுதியை விட்டு இன்னொரு பகுதியை நிறுத்தறதுக்குப் பேர் ஃபில்டர். பேஸை விட்டு ட்ரெபிளை நிறுத்தினா லோ பாஸ், ட்ரெபிளை விட்டு பேஸை நிறுத்தினா ஹை பாஸ். ரெண்டையும் திரும்பக் கூட்டினா பழைய ரேட்டே அப்படியே வந்துடும் பாருங்க, இதை ஞாபகம் வச்சுக்கங்க, கிராஸ்ஓவர்ல வேணும்.

சிப் உள்ள நடக்கற நிஜக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் புத்திசாலித்தனமானது. பத்து நாள் ரேட்டை வச்சுக்கறதுக்குப் பதிலா அஞ்சே அஞ்சு எண்ணை வச்சுக்குது: இன்னைக்கு ரேட், நேத்து ரேட், முந்தாநாள் ரேட், அப்புறம் நேத்து நம்ம கணக்குல வந்த விடை, முந்தாநாள் வந்த விடை. இந்த அஞ்சையும் ஆளுக்கு ஒரு எண்ணால பெருக்கி மொத்தமா கூட்டினா இன்னைக்கு விடை. இந்தக் கணக்குக்குப் பேர் பைகுவாட். பெருக்கற அந்த அஞ்சு எண்ணை மாத்தினா அதே கணக்கு லோ பாஸ் ஆகும், ஹை பாஸ் ஆகும், 100 ஹெர்ட்ஸ்ல மட்டும் தூக்கற ஈக்வலைசர் ஆகும். சாஃப்ட்வேர்ல நீங்க ஃபிரீக்வென்சியை டைப் பண்ணும்போது உள்ள மாறறது இந்த அஞ்சு எண்தான். ஏடிஏயு1701 ஒவ்வொரு சாம்பிளுக்கும் 1,024 கட்டளை வரைக்கும் ஓட்டும், அதுக்குள்ள இப்படி ஏகப்பட்ட பைகுவாட் வச்சுக்கலாம்.

இதுவரைக்கும் பார்த்தது: சிக்னலை செகண்டுக்கு 48,000 தடவை அளக்கறோம், பழைய எண்ணையும் புது எண்ணையும் பெருக்கிக் கூட்டறோம், அதுலயே பேஸும் ட்ரெபிளும் பிரிஞ்சிடுது.

இதை வச்சு ஆம்ப்ல என்ன லாபம்

ரெண்டு டிரைவர் இருக்கற ஒரு ஸ்பீக்கர் பாக்ஸை எடுத்துக்கங்க, ஆறரை இஞ்ச் வூஃபர், ஒரு இஞ்ச் சில்க் டோம் ட்வீட்டர். வூஃபருக்கு கீழ் பகுதி, ட்வீட்டருக்கு மேல் பகுதின்னு பிரிச்சு அனுப்பறதுக்குப் பேர் கிராஸ்ஓவர். சாதாரணமா இது பாக்ஸ் உள்ள காயிலும் கெப்பாசிட்டருமா இருக்கும், ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல. இதுல உள்ள கஷ்டம் என்னன்னா, ஸ்பீக்கர்ல 8 ஓம்னு எழுதியிருந்தாலும் அது எல்லா ஃபிரீக்வென்சிலயும் 8 ஓமா இருக்காது, ஒரு இடத்துல 6, இன்னொரு இடத்துல 30 கூடப் போகும், அதுக்குத் தகுந்த மாதிரி காயில் கெப்பாசிட்டர் பிரிக்கற இடமும் நகந்துடும். கடையில ரெடிமேடா கிடைக்கற கிராஸ்ஓவர் போர்டு எந்த டிரைவரோட போய்ச் சேரும்னு அதைச் செஞ்சவருக்கே தெரியாது, அதனாலதான் ஒருத்தர் பாக்ஸ்ல பிரமாதமா இருக்கறது இன்னொருத்தர் பாக்ஸ்ல சொதப்புது.

டிஎஸ்பில பிரிக்கற வேலை ஆம்புக்கு முன்னாடியே முடிஞ்சிடுது, ஸ்பீக்கரோட ஓம் அதைத் தொடவே முடியாது. அதுக்கு விலையா ஒவ்வொரு டிரைவருக்கும் தனித்தனி ஆம்ப் சேனல் வேணும். ரெண்டு பாக்ஸ்ல மொத்தம் நாலு டிரைவர், நாலு சேனல். சிப்ல நாலு அவுட்புட் இருக்கறது இங்க கச்சிதமா பொருந்துது. திருவிழால கட்டற பெரிய மைக் செட், டிஜே செட்டுலயும் இதே முறைதான், அங்க ராக்ல ஒரு ப்ராசஸர் பெட்டி உக்காந்திருக்கும், சப்புக்கு, மிட்டுக்கு, ஹார்னுக்குன்னு தனித்தனி ஆம்ப் ஓடும்.

எப்படிப் பிரிக்கறதுங்கறதுக்கு எல்லாரும் முதல்ல கை வைக்கறது லிங்க்விட்ஸ் ரைலி ஃபில்டர். ஹெச்பி கம்பெனி இன்ஜினியர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976ல எழுதினது, கூட வேலை பார்த்த ரஸ் ரைலி பேரும் சேர்ந்தே நிலைச்சிடுச்சு. இதுல லோ பாஸும் ஹை பாஸும் சந்திக்கற இடத்துல ரெண்டு டிரைவரும் ஆளுக்கு 6 டெசிபல் குறைவா, அதாவது பாதி வோல்டேஜ்ல, ஒரே கட்டத்துல அசையும், பாதியும் பாதியும் சேர்ந்து முழுசா வந்துடும். டெசிபல்ங்கறது மடங்கைச் சொல்ற அளவு, 3 டெசிபல் ஏத்தினா பவர் ரெண்டு மடங்கு, 6 ஏத்தினா நாலு மடங்கு, 10 ஏத்தினா பத்து மடங்கு. இந்த மூணையும் மனப்பாடம் பண்ணிக்கங்க, கீழ நிறைய வரும்.

வயரிங்: முதல்ல சப்ளை, அப்புறம்தான் மத்ததெல்லாம்

சிப்புக்கு 3.3 வோல்ட் வேணும், போர்டுலயே அதுக்கு ரெகுலேட்டர் இருக்கும், வெளியில இருந்து நீங்க குடுக்கறது பெரும்பாலும் 5 வோல்ட். ஆம்புக்குப் போற 24 வோல்ட்ல இருந்தே ஒரு சின்ன ஸ்டெப் டவுன் மாட்யூல் போட்டு இறக்கிக்கலாம்னு தோணும், தயவுசெஞ்சு வேணாம். அந்த மாட்யூலோட ஸ்விட்சிங் இரைச்சலும் கிளாஸ் டி ஆம்ப் (வேகமா ஆன் ஆஃப் ஆகியே ஓடற ஆம்ப் ரகம்) இழுக்கற கரண்டும் ஒரே கிரவுண்டுல கலந்து ட்வீட்டர்ல கீச்சுனு ஒரு சத்தம் நிரந்தரமா உக்காந்துடும், அப்புறம் டிஎஸ்பியே மட்டம்னு பேர் வாங்கும். டிஎஸ்பிக்குன்னு தனியா ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கெப்பாசிட்டர், ஒரு 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) போடுங்க, செலவு பெருசா ஆகாது.

கிரவுண்ட் எல்லாத்தையும் ஒரே புள்ளியில கொண்டு வந்து சேருங்க. ரெண்டு வழியா கிரவுண்ட் சுத்தி வந்தா கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஸ்பீக்கர்ல கேக்கும், அதுக்குப் பேர்தான் ஹம். டிஎஸ்பில இருந்து ஆம்புக்குப் போற வயர் ஷீல்டு வயரா, முடிஞ்ச அளவு குட்டையா இருக்கட்டும், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகவே கூடாது. இன்னொண்ணு, டிபிஏ3116 மாதிரி கிளாஸ் டி போர்டுல ஸ்பீக்கரோட மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது, ரெண்டு முனையிலயும் சிக்னல் இருக்கும். மைனஸ் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துக் கட்டினா ஐசி போயிடும்.

ட்வீட்டருக்குப் போற வயர்ல சீரீஸ்ல ஒரு 47 மைக்ரோ ஃபாரட் நான் போலார் கெப்பாசிட்டர் போடுங்க. 6 ஓம் ட்வீட்டரோட சேர்ந்து அது ஏறக்குறைய 560 ஹெர்ட்ஸுக்குக் கீழதான் வெட்டும், நம்ம கிராஸ்ஓவர் 2,500 ஹெர்ட்ஸ், அதனால சத்தத்துல பெருசா தலையிடாது. ஆனா ஆன் பண்ணும்போது வர தம்முனு அடி, தப்பான புரோகிராம் ஏறி ஃபுல் பேஸ் போறது, இதுல இருந்தெல்லாம் ட்வீட்டரைக் காப்பாத்தும். ட்வீட்டர் விலையோட ஒப்பிட்டா இந்த கெப்பாசிட்டர் ஒரு செலவே இல்ல.

லெவல்: சத்தம் ஏன் குறைஞ்சுது

இப்ப மேல சொன்ன மூணாவது ஆள் விஷயத்துக்கு வரேன். டேட்டாஷீட்ல காட்டின மாதிரி இன்புட் ரெசிஸ்டர் போட்டிருந்தா ஏடிஏயு1701 இன்புட்ல 2 வோல்ட் வரைக்கும் வாங்கிக்கும், அதுதான் அதோட உச்சவரம்பு. அவுட்புட்ல அதே உச்சத்துக்கு அது குடுக்கறது 0.9 வோல்ட். அதாவது நீங்க ஒண்ணுமே பண்ணலன்னாலும் உள்ள போன 2 வோல்ட் வெளிய 0.9 ஆத்தான் வரும், ஏறக்குறைய 7 டெசிபல் குறைவு. சிக்னல் கெட்டுப்போகல, லெவல்தான் இறங்கியிருக்கு.

இதுக்கு மருந்து டிஎஸ்பி உள்ள வால்யூமை ஏத்தறது இல்ல, அதான் எல்லாரும் பண்றது. சிப் உள்ள கணக்குப் போட 16 மடங்கு வரைக்கும் இடம் இருக்கு, ஆனா வெளிய வர வாசல்ல உச்சவரம்பு உச்சவரம்புதான், அதைத் தாண்டின எண் எல்லாம் ஒரே மட்டத்துல நறுக்கப்படும். அலையோட தலை தட்டையா ஆகற இதுக்குப் பேர் கிளிப்பிங், காதுக்கு கரகரன்னு கேக்கும், ட்வீட்டரையும் சுடவைக்கும்.

சரியான இடம் ஆம்ப் கெயின், அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருசாக்குதுங்கறது. டிபிஏ3116ல ரெசிஸ்டர் மாத்தி 20, 26, 32, 36 டெசிபல்னு வச்சுக்கலாம். 26 டெசிபல்னா 20 மடங்கு. 4 ஓம் ஸ்பீக்கர்ல 50 வாட் வரணும்னா 14 வோல்ட் சொச்சம் வேணும், அதை 20ஆல வகுத்தா 0.7 வோல்ட். நம்ம டிஎஸ்பி 0.9 வரைக்கும் குடுக்குது, ஆக நடுவுல பூஸ்டர் போர்டு ப்ரீஆம்ப் போர்டு எதுவுமே தேவையில்ல. அதே ஆம்ப் 20 டெசிபல்ல இருந்தா பத்து மடங்குதான், 0.9 வோல்ட் 9 வோல்ட் ஆகும், 4 ஓம்ல 20 வாட்டோட நின்னுடும். போர்டு மாட்டினதும் சத்தம் போச்சுன்னு சொல்றவங்க முதல்ல பார்க்க வேண்டியது இந்தக் கெயின் ரெசிஸ்டரைத்தான்.

சோர்ஸ் பக்கமும் ஒரு தடவை பாருங்க. போன்ல 200 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஃபுல் வால்யூம்ல ஓட்டி, சாதா மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு அளந்தா போதும். 1 வோல்ட்தான் வருதுன்னா இன்புட்ல பாதி இடம் காலியா கிடக்கு, அந்த போனோட ஓட்டறவரைக்கும் டிஎஸ்பி உள்ள 6 டெசிபல் ஏத்திக்கலாம், நறுக்காது. 2 வோல்ட் குடுக்கற டிவிடி பிளேயர்னா ஏத்தவே கூடாது.

கிராஸ்ஓவரும் டிலேயும்

சிக்மாஸ்டுடியோல ஹார்ட்வேர் பக்கத்துல யுஎஸ்பி புரோகிராமர், சிப், மெமரி மூணையும் இழுத்து வச்சு இணைங்க. அடுத்த பக்கத்துல இன்புட், கிராஸ்ஓவர், அவுட்புட் பெட்டிகளை வரிசையா வச்சு கோடு போடுங்க. கிராஸ்ஓவர் பெட்டியில லிங்க்விட்ஸ் ரைலி 24 (எவ்வளவு செங்குத்தா வெட்டும்ங்கற அளவு), 2,500 ஹெர்ட்ஸ்னு குடுங்க. ட்வீட்டரோட டேட்டாஷீட்ல இருக்கற ரெசொனன்ஸ் ஃபிரீக்வென்சிக்கு (ட்வீட்டர் தானாவே அதிகமா அதிர்ற இடம்) ரெண்டு மடங்காவது மேல பிரிக்கறது நல்ல வழக்கம். அவுட்புட் 0, 1 வூஃபருக்கு, 2, 3 ட்வீட்டருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்க. முதல் தடவை ஏத்தும்போது ட்வீட்டரைக் கழட்டி வச்சுட்டு, ட்வீட்டர் சேனல்ல ஒரு பழைய வூஃபரை மாட்டிக் கேளுங்க, பேஸ் வரலன்னு உறுதியானதும் ட்வீட்டரை மாட்டுங்க.

டிலேன்னா ஒரு சேனலைக் கொஞ்சம் லேட்டா அனுப்பறது. வூஃபர் கோன் குழியா உள்ள இருக்கும், ட்வீட்டர் முன்னாடி இருக்கும், அதனால ட்வீட்டர் சத்தம் முந்திக்கிட்டு வரும். சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகும், ஒரு சாம்பிள் நேரத்துல ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தா ட்வீட்டரை அஞ்சு சாம்பிள் தாமதப்படுத்தணும். அளக்கற மைக் இருந்தா இதைச் சரிபார்க்க ஒரு அருமையான வழி இருக்கு: ட்வீட்டரோட வயரை வேணும்னே தலைகீழா மாத்துங்க, இப்ப ரெண்டு டிரைவரும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், 2,500 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம் விழும். டிலேயை ஒவ்வொரு சாம்பிளா மாத்தி அந்தப் பள்ளம் எங்க ரொம்ப ஆழமா விழுதோ அங்க நிறுத்துங்க, ஆழமா விழுந்தா ரெண்டும் சரியா ஒரே நேரத்துக்கு வருதுன்னு அர்த்தம். அப்புறம் வயரை நேரா மாத்திடுங்க. பள்ளத்தைத் தேடறது மேட்டைத் தேடறதைவிட ரொம்பத் துல்லியம்.

சுருக்கமா, கெயின் ஆம்ப்ல, பிரிக்கறதும் நேரம் சரிபண்றதும் டிஎஸ்பில. இந்த ரெண்டும் முடிஞ்சாலே பாடறவங்க குரல் பாக்ஸை விட்டு வெளிய வந்து நடுவுல நிக்கும், ஈக்வலைசரைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு மூணு நாள் இதே செட்டிங்ல பழகிக் கேளுங்க.

ஈக்வலைசர்: பேஸ் அள்ளும்ங்கற கதை

ஒரு குறிப்பிட்ட ஃபிரீக்வென்சியை மட்டும் ஏத்தறது இறக்கறதுதான் ஈக்வலைசர். இங்கதான் எல்லாரும் 40 ஹெர்ட்ஸ்ல 10 டெசிபல் ஏத்திட்டு அள்ளுதுன்னு சந்தோஷப்படறாங்க. 10 டெசிபல்னா பத்து மடங்கு பவர், மேல பார்த்தோம். 40 ஹெர்ட்ஸ்ல 5 வாட் போயிட்டிருந்த இடத்துல இப்ப 50 வாட் கேக்கும், உங்க ஆம்ப் அங்கயே முடிஞ்சிடும். இன்னும் மோசம், அதே அளவு சத்தத்தை ஃபிரீக்வென்சி பாதியாகற ஒவ்வொரு தடவையும் குடுக்கணும்னா கோன் நாலு மடங்கு தூரம் அசையணும். ஆறரை இஞ்ச் கோனுக்கு அவ்வளவு இடம் கிடையாது. போர்ட் குழாய் வச்ச பாக்ஸா இருந்தா, குழாயோட டியூனிங் ஃபிரீக்வென்சிக்குக் கீழ கோனைத் தாங்கிப் பிடிக்க உள்ள காத்து இருக்காது, அதனால அந்த இடத்துக்குக் கீழ ஒரு ஹை பாஸ் கட்டாயம் போடுங்க. ஏத்தறதுக்குப் பதிலா இப்படிக் கீழ வெட்டினாலே வூஃபருக்கு மூச்சு வந்து, மிச்ச பேஸ் தெளிவா திடமா அடிக்கும்.

மைக் இல்லாம ஈக்வலைசர் வைக்காதீங்க, காதுல மட்டும் வச்சா அன்னைக்குக் கேட்ட பாட்டுக்குத்தான் செட் ஆகும். காலிபிரேஷன் ஃபைலோட வர யுஎஸ்பி மெஷர்மென்ட் மைக் ஒண்ணு, ரூம் ஈக்யூ விசார்ட் சாஃப்ட்வேர் ஃப்ரீ, இது போதும். நீங்க உக்கார்ற இடத்தைச் சுத்தி நாலஞ்சு இடத்துல அளந்து சராசரி பாருங்க.

கிராஃப்ல மேடு இருந்தா இறக்குங்க, பள்ளம் இருந்தா முதல்ல ஏன்னு யோசிங்க. பாக்ஸுக்குப் பின்னாடி சுவர் 1 மீட்டர் தள்ளி இருந்தா, சுவர்ல பட்டுத் திரும்பற சத்தம் 86 ஹெர்ட்ஸ் பக்கத்துல நேரா வர சத்தத்துக்கு எதிரா வந்து அதை அழிச்சிடும். அங்க நீங்க 10 டெசிபல் ஏத்தினா நேரா வர சத்தமும் பத்து மடங்கு ஆகும், சுவர்ல இருந்து வரதும் பத்து மடங்கு ஆகும், திரும்பவும் ரெண்டும் அழிஞ்சுக்கும், பள்ளம் அப்படியே இருக்கும், சூடாகறது மட்டும் ஆம்பும் ஸ்பீக்கர் காயிலும். அந்தப் பள்ளத்துக்கு மருந்து பாக்ஸை நகத்தறதுதான், எவ்வளவு பெரிய டிஎஸ்பியாலயும் முடியாது. எங்கயாவது ஏத்தியே ஆகணும்னா 3 டெசிபலோட நிறுத்துங்க, எவ்வளவு ஏத்தறீங்களோ அவ்வளவு மொத்த லெவலை முன்னாடியே இறக்கிடுங்க, இல்லன்னா வாசல்ல நறுக்கும்.

லிமிட்டர், அப்புறம் மெமரில எழுதறது

லிமிட்டர்ங்கறது ஒரு அளவுக்கு மேல லெவல் போனா தானா இறக்கிப் பிடிக்கற பெட்டி. அளவை ஊகமா வைக்க வேணாம், கணக்கு இருக்கு. மேல பார்த்தோம், ஆம்ப் 0.7 வோல்ட்லயே முழு பவருக்கு வந்துடுது, 0.9ல இருந்து 0.7 ஏறக்குறைய 2 டெசிபல் கீழ, அதனால வூஃபர் சேனல்ல மைனஸ் 2. ட்வீட்டர் 15 வாட், 6 ஓம்னா அது தாங்கறது ஒன்பதரை வோல்ட், 20ஆல வகுத்தா 0.47, அது மைனஸ் 6 டெசிபல் பக்கம் வரும். இது திடீர் அடியில இருந்துதான் காப்பாத்தும், மணிக்கணக்கா உச்சத்துல ஓட்டினா காயில் சூடாகறதைத் தடுக்காது, அதனால பார்ட்டிக்கு ஓட்டற செட்டுன்னா இன்னும் 3 டெசிபல் கீழயே வைங்க.

எல்லாம் சரியா இருக்குன்னா புரோகிராமை மெமரி சிப்ல எழுதணும், இல்லன்னா கரண்ட் போனதும் எல்லாமே அழிஞ்சிடும். சிப் பெட்டிமேல ரைட் கிளிக் பண்ணி கடைசியா கம்பைல் ஆனதை எழுதற ஆப்ஷனைக் குடுங்க. எழுதும்போது போர்டுல ரைட் புரொடெக்ட் ஜம்பர் எழுத விடற நிலையில இருக்கான்னு பாருங்க, எழுதினதும் செல்ஃப் பூட் ஜம்பரை ஆன் பண்ணி, யுஎஸ்பியைக் கழட்டிட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. சிப் மெமரில இருந்து எடுத்து ஓட ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதனால ஆம்ப் பக்கம் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் ரிலே போர்டு ஒண்ணு போட்டு சில செகண்ட் கழிச்சு ஸ்பீக்கர் இணையற மாதிரி வைங்க.

மெமரில இருக்கறது வெறும் எண்கள்தான், அதுல இருந்து நீங்க வரைஞ்ச படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால புரோஜெக்ட் ஃபைலை தேதி போட்டு பென் டிரைவ்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணுன்னு காப்பி வைங்க, கிராஸ்ஓவர், டிலே, லிமிட்டர் எண்களை ஒரு பேப்பர்ல எழுதி கேபினெட் உள்பக்கம் ஒட்டிடுங்க, நாளைக்கு வேற யாராவது சர்வீஸ் பண்ணினாலும் எந்த அவுட்புட் எந்த டிரைவருக்குன்னு தெரியும்.